இரைச்சலும் சேர்ந்து

அம்பிளிபயரின் பின்பலகைத் திருகாணிகள் தட்டில் கிடக்கின்றன.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டு வால்வு. இரண்டு ரான்ஸ்போமர். ஒரு கைக்குள் அடங்கிவிடும் றெசிஸ்ரர்களும் கப்பாசிற்றர்களும். எட்டு அங்குல ஸ்பீக்கர். ஐந்து வாற்.

இதற்குள் இன்னும் கொஞ்சம் சத்தம் இருக்கிறது. அது வெளியே வரவில்லை.

*

சோளகம் வீசுகிறது. கிடுகு வேலி அசைகிறது. வளவு முழுக்கக் காய்ந்திருக்கிறது.

பனையோலைகள் உரசும் ஓசை மேலே. சாளரம் திறந்திருக்கிறது.

*

கனடாவிலிருந்து வந்த அம்பிளிபயர். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே யாழ்ப்பாணத்தில் 230, 50. இடையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்துகொண்டு வோல்ற்றை இறக்கிக் கொடுக்கிறது. ஹேர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது.

ஒவ்வொரு அலையும் இங்கே சற்று நீளம். ரான்ஸ்போமரின் இரும்பு ஒரே பக்கம் இழுபட்டு நிற்கும் நேரமும் சற்று நீளம். அதனால் பிறந்த இடத்தைவிட இங்கே கூடுதலாகச் சுடுகிறது.

உள்ளங்கையை வைக்கிறேன். சூடு ஏறுகிறது. எடுக்கத் தோன்றும் வரை வைத்திருக்கிறேன்.

*

பிளக் கழற்றியாயிற்று. இருந்தும் காத்திருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே 300 வோல்ற் வரை நிற்கும். அணைத்த பிறகும் பெரிய கப்பாசிற்றர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு சூடாக இருந்தால் மிச்சத்தைத் தானே வடித்துவிடும், பெரும்பாலும். பெரும்பாலும் என்பதை நம்பிக் கை வைப்பதில்லை.

மல்ரிமீற்றரின் முனைகளை வைக்கிறேன். 41. ஒரு 100 கிலோ ஓம் றெசிஸ்ரரைக் குறுக்கே பிடிக்கிறேன். 33. 22. 12. 5.

எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்கிறது. வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

2. 1.

அதன் பிறகும் சற்று நேரம்.

*

ஒரு கை மட்டும் உள்ளே போக வேண்டும் என்பது பழைய றேடியோத் திருத்தக்காரரின் விதி. இரண்டு கையும் போனால் கரண்ட் ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கும். நடுவில் நெஞ்சு.

மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள் என்பார்கள்.

சாரத்துக்குப் பொக்கற் இல்லை. இடக்கை முதுகுக்குப் பின்னால் போகிறது. அங்கேயே இருக்கிறது. வேலை செய்யாத கையின் பாரம் இப்போதுதான் தெரிகிறது.

*

கிற்றாரில் காந்தம். காந்தத்தைச் சுற்றி முடியிலும் மெல்லிய செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. மேலே உருக்குத் தந்தி.

தந்தி அசைகிறது. கம்பிக்குள் ஏதோ அசைகிறது. நூறு மில்லிவோல்ற், ஏறக்குறைய.

அவ்வளவுதான் வருகிறது. மீதி எல்லாம் இந்தப் பெட்டிக்குள் சேர்வது.

*

சின்ன வால்வின் பெயர் இசிசி83. அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் தனித்தனியாகப் பெருக்கும்.

எலத்திரன்கள் கிளம்பும் முனை கதோட்டு. முதல் பாதியின் கதோட்டில் ஒரு றெசிஸ்ரர், 1.5 கிலோ ஓம். அதோடு சேர்த்து ஒரு கப்பாசிற்றர். இரண்டாம் பாதியின் கதோட்டிலும் அதே றெசிஸ்ரர். கப்பாசிற்றர் இல்லை.

அந்த இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

கப்பாசிற்றர் இல்லாதபோது நடப்பது இது.

வால்வின் வாசலான கிறிட்டுக்கு ஒலி வருகிறது. கிறிட் ஏறுகிறது. கரண்ட் கூடுகிறது. கூடிய கரண்ட் றெசிஸ்ரர் வழியாக இறங்கும்போது கதோட்டும் கூடவே மேலே எழும்புகிறது. கிறிட் ஏறிய தூரத்தில் பாதியைக் கதோட்டு பின்தொடர்ந்து வந்து அழித்துவிடுகிறது.

வால்வு தன்னைத் தானே பிடித்து வைத்திருக்கிறது.

32 மடங்கு. அவ்வளவுதான் தருகிறது.

கதோட்டிலிருந்து நிலத்துக்கு 22 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றைப் போட்டால் ஒலியின் அசைவு அதன் வழியே இறங்கிப் போய்விடும். கதோட்டு அசையாமல் நிற்கும். பிடி விடும்.

61 மடங்கு.

புதிதாக எதையும் சேர்த்ததாகத் தோன்றவில்லை. இருந்த பிடி ஒன்று தளர்கிறது.

*

பிடித்து வைத்திருந்ததும் வீண் இல்லை. தெளிவு அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டது அதனால்தான்.

ஆகவே ஒரு சுவிச். வேண்டும்போது பிடி. வேண்டும்போது விடுதல்.

*

1960களின் தொடக்கம். லண்டனின் மேற்கே ஹான்வெல். ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியரின் இசைக்கருவிக் கடை. அவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மன் அம்பிளிபயர் ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தங்களுடையதைக் கட்டுகிறார்கள்.

ஃபெண்டரில் முதல் வால்வு 12ஏவை7. அதன் பெருக்கம் 45க்குக் கிட்ட. இவர்கள் வைத்தது இசிசி83. 100.

வரைபடம் பெரும்பாலும் அதேதான். வால்வு, ஸ்பீக்கர், ரான்ஸ்போமர் என்று சில பொருட்கள் மட்டும் வேறு. உலகம் அதை வேறு அம்பிளிபயராகக் கேட்டது.

*

நகரத்தில் ஒரு திருத்தக் கடை. வாசலில் உடைந்த மின்விசிறிகள். உள்ளே ஒரு மேசை, ஒரு மின்குமிழ், ஒரு வயதானவர்.

இசிசி83 வால்வு ஒன்றைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிறார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுக்கிறார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய கண்ணாடிகள்.

"கோயில் சவுண்டுக்கு எடுத்து வச்சது தம்பி. இப்ப ஆர் கேக்கினம்?"

ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார். உச்சியில் வெள்ளிப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. ஒன்று வெள்ளை. தனியே வைக்கிறார். எறியவில்லை.

ஒன்று கறுத்து மின்னுகிறது. அதை விரல் நகத்தால் மெல்லத் தட்டுகிறார். காதருகே கொண்டுபோகிறார். அசையும் ஓசை எதுவும் இல்லை.

காசைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கடைசியில் நானே மேசையில் வைக்கிறேன். அவர் அதைப் பார்க்காமல் தாளை மடிக்கிறார்.

*

அந்தத் தாளில் ஒரு திரைப்பட விளம்பரம். பாதிதான் தெரிகிறது. வின்ட்சர் தியேட்டரா, ராணியா. மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது.

வால்வை எடுத்த பிறகும் தாளை வைத்திருக்கிறேன்.

*

சோல்டரிங் அயன் சூடாகிறது.

ஈயக் கம்பி முனையைத் தொடுகிறது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக உருகி, பளபளத்து, கப்பாசிற்றரின் காலைச் சுற்றிக்கொள்கிறது. அயனை எடுக்கிறேன். பளபளப்பு மங்கும் வரை மூச்சு விடாமல் பிடித்திருக்கிறேன். அசைந்தால் உள்ளே விரிசல் விழும்.

புகை. அதில் பைன் மரத்துப் பிசின். சாம்பிராணிக்குக் கிட்டிய மணம்.

சோளகம் அதைச் சாளரத்துக்கு எதிர்ப் பக்கம் கொண்டுபோகிறது.

*

கப்பாசிற்றரில் ஒரு பக்கத்துக் கோடு. அது கழித்தல் பக்கம். நிலத்தை நோக்கி அது. மறுகால் கதோட்டுக்கு.

இரண்டு முறை பார்க்கிறேன். பிறகு கண்ணை மூடி, திறந்து, பார்க்காதவன் பார்ப்பதுபோல் இன்னொரு முறை.

*

பிளக். சுவிச்.

ஒன்றும் இல்லை.

வால்வின் அடியில் ஒரு செம்மஞ்சள் புள்ளி. அது கோடாக நீள்கிறது. 6.3 வோல்ற்றில் காயும் இழை. கதோட்டு சூடாக வேண்டும். சூடானால்தான் எலத்திரன்கள் அதைவிட்டுக் கிளம்பும்.

காத்திருத்தல். இருபது முப்பது வினாடி இருக்கும். எண்ணவில்லை.

பிறகு ஸ்பீக்கருக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி அறை சற்றுப் பெரிதாகிறது. இன்னும் கிற்றார் செருகவில்லை.

சுவிச்சைத் தட்டுகிறேன்.

அறை இன்னும் பெரிதாகிறது.

*

ஷ்ஷ்ஷ்.

மெல்லியது. முன்பும் இருந்தது. இப்போது கேட்கிறது.

1928இல் பெல் ஆய்வுகூடத்து ஜோன்சன் இதை அளந்து எழுதினார். நைக்குவிஸ்ட் என்பவர் ஏன் என்று கணக்குச் சொன்னார். எந்தத் தடைக்குள்ளும் எலத்திரன்கள் சும்மா இருப்பதில்லை. வெப்பம் இருக்கும் வரை அவை அலைகின்றன. அந்த அலைச்சல் தடையின் இரு முனையிலும் ஒரு சின்ன வோல்ற்றாக நிற்கிறது. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது.

கிறிட்டுக்கு முன்னால் இருக்கும் 68 கிலோ ஓம் றெசிஸ்ரரில் அது ஐந்து மைக்ரோவோல்ற்றுக்குக் கிட்ட. அதுவும் பெருகுகிறது. கிற்றாரைப் பெருக்குகிற அதே அளவில், அதே வால்வால்.

வெப்பத்தின் ஓசை.

அறையின் வெப்பம் 33 பாகை. ரொறன்ரோவில் ஓர் அறை 20 என்று வைத்தால், இங்கே இந்த ஓசை நூற்றுக்கு இரண்டு பங்கு கூட.

காதுக்கு அந்த இரண்டு தெரியாது. இருக்கிறது.

*

கிற்றாரைச் செருகுகிறேன்.

ஷ்ஷ்ஷுக்குக் கீழே இன்னொன்று வருகிறது. ம்ம்ம். சுவருக்குள் ஓடும் வயர்கள், மின்குமிழ், அயலின் நீர்ப்பம்பி. 50 ஹேர்ட்ஸ். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி எல்லாவற்றையும் பிடிக்கிறது. தந்தி எது, சுவர் எது என்று அதற்கு இல்லை.

கதிரையில் இருந்தபடி மெல்லத் திரும்புகிறேன். கிழக்கே பார்த்தால் ம்ம்ம் குறைகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் கிட்டத்தட்ட இல்லை. அதற்கும் அப்பால் மறுபடி ஏறுகிறது.

அந்த இல்லாத திசையில் சற்று நேரம் இருக்கிறேன். வேலிக்கு அப்பால் ஒரு மாமரம். அதன் கீழே ஓர் ஆடு படுத்திருக்கிறது.

*

மீதி ம்ம்ம் எர்த்தால் வருகிறது.

குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். வற்றாத ஆறு இல்லை. மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி அங்கே தங்குகிறது, உப்புநீருக்கு மேலே. கிணறு வெட்டினால் அதைத் தொடலாம். மேலே இருக்கும் மண் பல இடங்களில் ஒரு முழம்கூட வராது.

காய்ந்த கல் கரண்டை உள்ளே எடுக்காது. எர்த் கம்பி கிணற்றடியில் இறங்குகிறது. குளிக்கும் தண்ணீர் அதன் மேல் ஓடும்படி யாரோ முன்னரே யோசித்திருக்கிறார்கள்.

பின்னேரம். ஒரு வாளி தண்ணீரைக் கம்பியின் அடியில் ஊற்றுகிறேன். மண் உறிஞ்சும் சத்தம்.

திரும்பி வந்து கேட்கிறேன். ம்ம்ம் சற்று இறங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. தோன்றுவதுதானோ என்னவோ. வாளி ஈரமாக வாசலில் நிற்கிறது.

*

வால்வு இழைக்குப் போகும் இரண்டு வயர்களையும் முறுக்கி மூலையோடு அழுத்தி வைக்கிறேன். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். முறுக்கியிருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

இது தோன்றுதல் இல்லை. கேட்கிறது.

*

குசினியில் அம்மா. தேங்காய் துருவும் சத்தம் நிற்கிறது.

"என்ன தம்பி இரையுது?"

"ஒண்டுமில்லை அம்மா. அம்பிளிபயர்."

துருவும் சத்தம் உடனே தொடங்கவில்லை.

இந்த வீட்டில் ஓர் இரைச்சல் கேட்டால் முன்பு எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். தூரத்தில் விமானம் வரும்போது அது இப்படித்தான் இருக்கும். இடம் இல்லாமல், திசை இல்லாமல், வெறும் ம்ம்ம்.

கெயினைக் குறைக்கிறேன்.

துருவும் சத்தம் தொடங்குகிறது.

*

தடித்த தந்தி. 82 ஹேர்ட்ஸ்.

விரலால் மெல்ல மீட்டினால் அது மட்டும் வருகிறது. வட்டமாக, மென்மையாக. சற்று ஓங்கி மீட்டினால் ஓரம் தடிக்கிறது.

பெரிய வால்வு, இஎல்84, கிறிட்டுக்கு ஏழெட்டு வோல்ற் வரை பொறுக்கும். அதற்கு மேல் கொடுத்தால் அலையின் உச்சியை வெட்டிவிடும். அடியையும் வெட்டும். வளைவாக வந்தது தட்டையாகிறது. வெட்டிய இடத்திலிருந்து மேற்றொனிகள் பிறக்கின்றன. 165. 247. 330. இன்னும் மேலே.

330 என்பது மெல்லிய தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் சுரம்.

தடித்த தந்தியை மட்டுமே தொட்டேன். உள்ளே மெல்லிய தந்தியும் நிற்கிறது.

*

அணையும் வரை கேட்கிறேன்.

சுரம் குறையும்போது வெட்டு நிற்கிறது. தெளிவு திரும்பி வருகிறது. கடைசியில் அந்த வட்டமான 82 மட்டும். அதற்கும் அடியில் ஷ்ஷ்ஷ்.

எந்த இடத்தில் சுரம் முடிந்து ஷ்ஷ்ஷ் தொடங்குகிறது என்று பிடிக்க முடியவில்லை.

மறுபடி மீட்டுகிறேன்.

*

இணுவில் பக்கமிருந்து தவில். யாரோ பயிற்சி செய்கிறார்கள். ஒரே கோர்வை, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று வேகமாக.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் ஊர் அது. 1975இல் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. தமிழ்நாட்டிலும் அவரைக் கேட்கக் கூட்டம் விடிய விடிய இருந்ததாக முதியவர்கள் சொல்கிறார்கள்.

நாதஸ்வரம் சேர்ந்துகொள்கிறது. சீவாளி நாணலில் செய்வது. உதடு அழுத்தும்போது அதன் இரு இதழும் மூடித் திறக்கும். மூடும் கணத்தில் காற்று வெட்டுப்படுகிறது. அங்கேயும் மேற்றொனிகள் பிறக்கின்றன, குவியலாக. அதனால்தான் வயல் தாண்டி வருகிறது.

வயரும் இல்லை, வால்வும் இல்லை. ஒரு நாணல் துண்டும் ஒரு மனித மூச்சும்.

கிற்றாரை மடியில் வைத்தபடி அவர்கள் நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

1951. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துக்குப் போகும் வழியில் ஓர் அம்பிளிபயர் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிகிறது. காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்கிறார்கள் என்று கதை. ராக்கெட் 88 என்ற பாட்டு.

1964. லண்டன். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ். வயது பதினேழு. எல்பிக்கோ என்ற சின்ன அம்பிளிபயரின் ஸ்பீக்கர்க் கூம்பை சவர பிளேடால் கீறுகிறார்.

கீறிய காகிதம் அதிரும் சத்தம். அதுவரை அதைப் பழுது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஓர் அறையில் பிளேடோடு நிற்பதை நினைக்கிறேன். கீறுவதற்கு முந்திய கணம். காகிதம் இன்னும் முழுதாக இருக்கிறது.

*

அந்தக் காலத்தில் இங்கே கிற்றார் வேறு விதமாக வருகிறது.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழில் பாடுகிறார். சின்ன மாமியே. பிறகு ஏ. ஈ. மனோகரன், சுராங்கனி பாட்டோடு. பொப்பிசை என்று ஊர் முழுக்க.

அந்தக் கிற்றாரில் வெட்டு இல்லை. பைலாத் தாளத்தில் தட்டிக்கொண்டு போகும் தெளிவான தந்திகள். ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்க வேண்டும். பகிடியும் சோகமும் சொல்லில் இருந்தன.

சுவிச்சைக் கீழே தட்டிவிட்டு அந்தத் தாளத்தை வாசித்துப் பார்க்கிறேன். 32 மடங்கு போதும். போதும் என்பதற்கும் மேலே இருக்கிறது.

சுவிச்சை மேலே தட்டி அதையே வாசிக்கிறேன். தாளம் தடிக்கிறது. தந்திகளுக்கு இடையே இருந்த வெளி நிரம்பிவிடுகிறது.

அந்த வெளியில்தான் பாட்டு இருந்திருக்கிறது.

*

1990 ஆனி. சண்டை மறுபடி தொடங்குகிறது. குடாநாட்டுக்குக் கரண்ட் நிற்கிறது. பிறகு ஆண்டுக் கணக்கில் இல்லை. பற்றறி தடை செய்யப்பட்ட சாமான். ஜாம் போத்தலில் திரி போட்டு, கொஞ்சமாக மண்ணெண்ணெய்.

சைக்கிள் முற்றத்தில் தலைகீழாக நிற்கிறது. டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்கு. சித்தப்பா கையால் பெடலைச் சுற்றுகிறார். பின்சில்லு சுழல்கிறது.

பிபிசி தமிழோசை.

சுற்றிச் சுற்றிக் கை களைக்கும்போது குரல் தாழ்கிறது. தூரமாகிறது. எல்லோரும் றேடியோவை நோக்கிச் சற்றுக் குனிகிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணை வந்து பெடலைப் பிடிக்கிறார். குரல் எழும்புகிறது. எல்லோரும் நிமிர்கிறார்கள்.

செய்தி என்ன என்று நினைவில்லை. குனிந்ததும் நிமிர்ந்ததும் இருக்கின்றன.

சில்லு சுழலும் ஓசை செய்தியோடு கலந்தே வரும். அதை யாரும் இரைச்சல் என்று சொல்லவில்லை.

*

பழைய அம்பிளிபயர்களில் கரண்டை நேராக்கவும் ஒரு வால்வு இருக்கும். ஓங்கி மீட்டினால் அதனால் உடனே கொடுக்க முடியாது. வோல்ற் இறங்கும். சுரம் அமுங்கும். பிறகு மெல்ல, மூச்செடுத்து ஏறும்.

அதைத் தேடிக் காசு கொடுக்கிறார்கள்.

இதில் நான்கு டயோட்டு. கேட்டதைக் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறது. களைப்பதில்லை.

ஒரு றெசிஸ்ரரை வழியில் வைத்தால் களைப்பு வரும். 100 ஓம், 10 வாற். பெட்டியில் ஒன்று இருக்கிறது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். வெள்ளைச் சீமெந்துக் கட்டி. பாரம்.

திரும்ப வைக்கிறேன்.

*

ரயில்.

கொக்குவில் தாண்டி காங்கேசன்துறைப் பக்கம். 1990இல் நின்றது. 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம் வரை வந்தது. 2015 தை பிறந்ததும் காங்கேசன்துறை வரை.

வருமுன்னர் நிலத்தில் தெரிகிறது. காதுக்கு இன்னும் எட்டவில்லை. அம்பிளிபயருக்குள் ஒரு கிணுகிணுப்பு. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் அதிர்கின்றன. அதிர்ந்தால் அதையும் பெருக்குகிறது. முன்பு இது கேட்டதில்லை. 61 மடங்கில் கேட்கிறது.

பிறகு ரயிலே கேட்கிறது. யன்னல் கண்ணாடி. தட்டில் கிடக்கும் திருகாணிகள்.

பிறகு இரண்டும் இல்லை.

வால்வுக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டால் இது குறையும். வளையம் மேசையில் இருக்கிறது. இன்னும் போடவில்லை.

*

கரண்ட் போகிறது.

மின்குமிழ் அணைகிறது. அயலின் பம்பி நிற்கிறது. அம்பிளிபயர் மட்டும் உடனே நிற்கவில்லை. கப்பாசிற்றர்களில் மிச்சம் இருக்கிறது. இழை இன்னும் சூடு. மீட்டிய சுரம் தொடர்கிறது. கீழே இறங்கி, சற்றுக் கரகரத்து, சுருங்கிக்கொண்டு போகிறது.

2022 பங்குனி முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் இல்லாமல் இருந்தது, நாடு முழுக்க. அப்போது தெற்கில் இருந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள். இங்கே விளக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கை இருட்டிலேயே அறிந்திருந்தது.

செம்மஞ்சள் கோடு மங்குகிறது. சிவப்பாகி, பிறகு இருந்ததா என்று சந்தேகமாகிறது.

ம்ம்ம் இல்லை. ஷ்ஷ்ஷ் இல்லை. சோளகம் மட்டும்.

ஐந்து வாற் போனதும் அது எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

*

கரண்ட் வருகிறது.

*

சுவிச்சைத் தட்டும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு டப்.

காரணம் தெரிகிறது. கதோட்டில் ஒன்றரை வோல்ற் எப்போதும் நிற்கிறது. கப்பாசிற்றர் வெறுமையாகக் காத்திருக்கிறது. சேர்க்கும் கணத்தில் அந்த ஒன்றரை வோல்ற்றையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறது. கதோட்டு தடுமாறுகிறது.

சுவிச்சின் இரு காலுக்கும் குறுக்கே ஒரு மெகா ஓம் றெசிஸ்ரர். சுவிச் திறந்திருக்கும்போதும் அதன் வழியே மெல்ல, மிக மெல்ல, கப்பாசிற்றர் நிரம்பியபடி இருக்கும். ஒலிக்கு அந்த வழி தெரியாது. அவ்வளவு ஒடுக்கம்.

ஈயம். பளபளப்பு. மூச்சு.

தட்டுகிறேன். டப் இல்லை. மடங்கு மாறுவது மட்டும்.

முன்பே நிரம்பியிருப்பது சேரும்போது சத்தம் வரவில்லை.

*

22 மைக்ரோபரட் எல்லாவற்றுக்கும் பிடி விடுகிறது. 82 ஹேர்ட்ஸுக்கும், அதற்கு மேலே எல்லாவற்றுக்கும், சுவருக்குள் ஓடும் 50க்கும் கூட.

0.68 போட்டால் வேறு. அது சின்னது. கீழ்ச் சுரங்கள் அதன் வழியே போக முடியாது. 300 ஹேர்ட்ஸ் அளவில்தான் பிடி நன்றாகத் தளரும். தடித்த தந்தியின் அடிச்சுரம் முன்பிருந்தபடியே இருக்கும். அதன் மேற்றொனிகளும் மெல்லிய தந்தியும் முன்னே வரும். ம்ம்ம் ஏறாது. ஷ்ஷ்ஷ் ஏறும்.

மார்ஷல் வைத்த அளவு அது, பிற்காலத்தில்.

*

இரண்டையும் வைக்கலாம். நடுவில் நிற்கும் மூன்று நிலைச் சுவிச் வேண்டும். ஒரு பக்கம் 22, மறுபக்கம் 0.68, நடுவில் எதுவும் இல்லை. நகரக் கடைகளில் இரண்டு நிலைதான் இருக்கிறது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். இந்தக் கிழமை போகிறவர் ஒருவரிடம் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை 0.68ஐக் கிளிப் வயரால் பிடித்து வைத்திருக்கிறேன். தடித்த தந்தி. மெல்லிய தந்தி. மறுபடி தடித்தது. 22இல் ஓர் உடம்பு இருந்தது. இதில் ஒரு விளிம்பு இருக்கிறது. சின்ன மாமியேயின் தாளத்துக்கு எது என்று வாசித்துப் பார்க்கிறேன். விளிம்பு என்று தோன்றுகிறது. இரவில் கேட்டால் வேறாக இருக்கலாம். துண்டில் 1 மைக்ரோபரட்டையும் எழுதியிருக்கலாம். அது இரண்டுக்கும் நடுவே, 200க்குக் கிட்ட.